கண் திறவாத படிமங்கள்

சிறிதாகச் செய்யப்பட்ட ஓர் உருவம், தான் காட்டும் பெரும்பொருளோடு எவ்வகை உறவு கொண்டிருக்கிறது என்னும் கேள்வி, உருவ வழிபாட்டைப் பற்றிய வாதங்கள் அனைத்துக்கும் அடியில் கிடப்பது. அக்கேள்வியைக் கடவுளைச் சேர்க்காமலே எழுப்பும் செயல் ஒன்று உண்டு. ரயில் எஞ்சினையும் பெட்டிகளையும் குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கி, அவை ஓடத் தண்டவாளமும், நின்று செல்ல நிலையமும், கடந்து போகப் பாலமும் தெருவும் வயலும் மேசைமேல் அமைப்பது மாதிரி ரயில் கலை. அந்த அமைப்பு முழுவதையும் அத்துறையினர் லேஅவுட் என்பர். இதில் ஈடுபடுவோர் பெரும்பாலும் வளர்ந்தவர்கள். ஓர் எஞ்சினுக்காக மாதக்கணக்கில் உழைப்பவர்கள். உழைத்து முடித்ததும் அதைப் படமெடுத்துத் தம்மையொத்த பிறருக்குக் காட்டாமல் இருக்க முடியாதவர்கள். இந்த உழைப்புக்குச் சமய நோக்கில் என்ன பெயர் இடுவது? பொய்யா, பற்றா, அல்லது வழிபாட்டின் பக்கத்து வீட்டில் வாழும் வேறொன்றா?

பிளேட்டோவிடம் கேட்டால் விடை உடனே வந்துவிடும். குடியரசு என்னும் உரையாடலின் பத்தாம் பகுதியில் அவர் கட்டிலை எடுத்துக்கொண்டு, கட்டில் என்னும் கருத்துரு முதலாவது, தச்சன் செய்த கட்டில் இரண்டாவது, ஓவியன் தீட்டிய கட்டில் மூன்றாவது என்று வரிசைப்படுத்தி, ஓவியனை உண்மைக்கு மிகத் தொலைவில் நிறுத்துகிறார். அந்த வரிசையில் மாதிரி எஞ்சின் மூன்றாம் இடத்திலும் அதன் புகைப்படம் நான்காம் இடத்திலும் போய் நிற்கும். ஆனால் காவிரி டெல்டாவில், அதிலும் திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே ரயில் நிலையமும் மாடக்கோயிலும் கொண்ட கீழ்வேளூரில் நின்று இதே கேள்வியைக் கேட்டால், விடை அவ்வளவு எளிதில் அமைவதில்லை. சிற்றுருவங்களுக்குப் பெரிய பொறுப்புகளை ஒப்படைத்துப் பழகிய நிலம் அது.

முதலில் ரயிலைப் பார்க்கலாம். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற நிறுவனம் நாகப்பட்டினத்தையும் திருச்சிராப்பள்ளியையும் இணைக்க இட்ட பாதை 1861-62இல் திறக்கப்பட்டபோது அகலப் பாதையாக இருந்தது. 1875இல் அது மீட்டர் பாதையாகக் குறுக்கப்பட்டது. இந்த நூற்றாண்டில் மறுபடியும் அகலமாக்கப்பட்டது. ஆகவே கீழ்வேளூர் நிலையத்தை மேசைமேல் கட்ட விரும்பும் ஒருவர் மண்ணையும் மரத்தையும் தொடுவதற்கு முன்பே ஓர் ஆண்டைத் தேர்ந்துகொண்டாக வேண்டும். ஒய்.பி. வகை நீராவி எஞ்சின் வந்து நிற்க வேண்டுமென்றால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. மீட்டர் பாதை டீசல் எஞ்சின் வேண்டுமென்றால் இன்னும் சற்றுப் பின்னால். ஆண்டு தெரியாத நிலையத்தை அமைக்க இக்கலையில் வழியே இல்லை. அதே ஊரில், கோச்செங்கட் சோழன் எடுத்தவற்றுள் ஒன்றெனக் கருதப்படும் மாடக்கோயிலில் வீற்றிருக்கும் கேடிலியப்பரின் உருவத்துக்கோ, அது எந்த ஆண்டின் சிவன் என்ற கேள்வியே பொருந்தாது.

அடுத்தது அளவு. உலகில் மிகுதியாக வழங்கும் மாதிரி அளவு எச்.ஓ. எனப்படுவது; அதில் எல்லாம் எண்பத்தேழில் ஒரு பங்கு. இந்திய அகலப் பாதையின் 1,676 மில்லிமீட்டர் அகலத்தை 87ஆல் வகுத்தால் ஏறத்தாழ 19.3 மில்லிமீட்டர் வரும். ஆனால் கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் 1,435 மில்லிமீட்டர் பாதைக்காகச் செய்யப்பட்டது. அதன் அகலம் 16.5 மில்லிமீட்டர். எனவே இந்திய எஞ்சினின் உடல், சன்னல், கைப்பிடி, நிறம் எல்லாவற்றையும் நுணுக்கமாகச் செய்தவரும் சக்கரங்களை மட்டும் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக உள்ளே தள்ளி வைத்துவிடுகிறார். எஞ்சினை முன்புறமிருந்து பார்ப்பவருக்கு அது உடல் பருத்துக் கால் ஒடுங்கி நிற்பதாகத் தெரியும். பக்கவாட்டில் எடுத்த படத்தில் தெரியாது. பகிரப்படும் படங்களில் பக்கவாட்டுத் தோற்றமே மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எடையும் ஏமாற்றும். நீளம் 87 மடங்கு குறையும்போது கன அளவு 6,58,503 மடங்கு குறைகிறது; 112.8 டன் எடையுள்ள டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சின் அந்தக் கணக்கில் சுமார் 171 கிராமாகிவிடும், அவ்வளவு இலேசான எஞ்சினின் சக்கரமோ தண்டவாளத்தைப் பற்றாமல் வழுக்கும். அதனால் உள்ளே உலோகக் கட்டி வைத்துக் கனமேற்றுகிறார்கள். வளைவில் இந்த விலகல் இன்னும் பெரிது. அகலப் பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். மேசையில் அது இரண்டு மீட்டராக இருக்க வேண்டும். வீடுகளில் அறுபது சென்டிமீட்டர் கிடைத்தாலே பெரிது. ஒரு கிலோமீட்டர் பாதைக்குப் பதினொன்றரை மீட்டர் மேசை தேவைப்படுவதால், நிலையங்களுக்கு இடைப்பட்ட வெளி கூசாமல் வெட்டி எறியப்படுகிறது. மலையும் குகைப்பாதையும் உள்ள நாட்டுக்காரருக்கு இந்த வெட்டு வலிக்காது; டெல்டாவிலோ வெட்டப்படுவது வயல், வயலைத் தவிர அங்கே காட்டுவதற்கு அதிகம் இல்லை.

இத்தனை விலகல்கள் இருந்தும் மாதிரி பொய்யாகிவிடுவதில்லை. ஏனெனில் ஒவ்வொரு விலகலையும் எண்ணால் சொல்ல முடிகிறது. எதிலிருந்து விலகியது என்பது தெரிகிறது. மூலப்பொருள் அளக்கத்தக்கதாக இருப்பதால்தான் தவறும் அளக்கத்தக்கதாக இருக்கிறது. படிமக் கலையோடு ஒப்பிடும்போது மாதிரி ரயிலின் அடிப்படை வேறுபாடு இங்கேதான் தென்படுகிறது.

சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கும் ஸ்தபதி வேலையைத் தென்னை ஓலையில் தொடங்குகிறார். செய்யப்போகும் உருவத்தின் உயரத்துக்கு ஓலையின் கீற்றொன்றை நறுக்கி, அதையே மடித்து மடித்து, முகம், கழுத்து, மார்பு, தொடை, முழங்கால் என்று உறுப்புகளின் பங்குகளைக் குறித்துக்கொள்கிறார். ஒடியோலை எனப்படும் இந்தக் கீற்று, தாலமானம் என்னும் அளவு நூலின் கைக்கருவி. தாலம் என்பது முகத்தின் நீளத்தை அடிப்படையாகக் கொண்ட அலகு. சிவன், திருமால் போன்ற பெருந்தெய்வங்களுக்கு உரிய உத்தம தசதாலத்தில் உருவத்தின் மொத்த உயரம் 124 பங்காகவும், தேவியருக்கு உரிய மத்திம தசதாலத்தில் 120 பங்காகவும் பிரிக்கப்படுகிறது. அந்தப் பங்குக்குத் தேகலப்தாங்குலம், அதாவது உருவத்தின் உடலிலிருந்தே பெறப்பட்ட அங்குலம், என்று பெயர். நான்கு விரற்கடை உயரமுள்ள நடராசருக்கும் ஆளுயர நடராசருக்கும் பங்குகள் ஒன்றே, அலகுதான் வேறு. எனவே எந்தத் திருமேனியையும் இத்தனையில் ஒரு பங்கு என்று சொல்ல இயலாது. சொல்வதற்கு வெளியே அளந்து வைத்த மூல உடல் ஒன்று இல்லை. படிமத்துக்கு விகிதம் உண்டு, ஸ்கேல் கிடையாது. பிளேட்டோவின் வரிசை படிமத்தைத் தொடாமல் போவதற்கு இதுவே காரணம்: அது எதன் நகலுமன்று. மாதிரி எஞ்சினோ ஐயத்துக்கிடமின்றி நகல். அதன் பெருமையே அந்த நகல்தன்மையில் இருக்கிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஸ்தபதி முடித்துக் கொடுத்த உருவம் அந்நிலையில் உலோக வேலைப்பாடு மட்டுமே. பொற்கருவியால் கண்ணின் கோடுகளைத் திறக்கும் நயனோன்மீலனம் என்ற சடங்கும் அதைத் தொடரும் பிற கிரியைகளும் நிகழ்ந்த பிறகுதான் அது வழிபடத்தக்க மூர்த்தியாகிறது. பார்க்கப்படுவது என்ற நிலையிலிருந்து பார்ப்பது என்ற நிலைக்கு அது மாறுகிறது என்று ஆகம மரபு கொள்ளும். மாதிரி எஞ்சின் எவ்வளவு முழுமை பெற்றாலும் இந்தக் கோட்டுக்கு இப்பாலேயே நிற்கும். அதற்குள் யாரும் எழுந்தருள்வதில்லை. அப்படியானால், யாரும் எழுந்தருளாத ஒன்றுக்கு ஒரு மனிதர் ஸ்தபதிக்கு ஈடான பொறுமையைச் செலவிடுவது ஏன்?

இங்கிலாந்தின் மாதிரி ரயில் வரலாற்றில் பாதிரிமார் பெயர்கள் அடிக்கடி வருவது இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. தாமஸ் என்னும் எஞ்சினைக் குழந்தைகளுக்குக் கதையாகத் தந்த வில்பர்ட் ஆட்ரி ஆங்கிலிக்கன் குரு. தாம் கற்பனை செய்த தீவின் கிளைப் பாதையை மாதிரியாக அமைத்துக் கண்காட்சிகளுக்கு எடுத்துச் சென்றவர். பக்கிங்காம் என்ற புகழ்பெற்ற லேஅவுட்டைப் பல பத்தாண்டுகள் கட்டிக் கட்டி மாற்றிய பீட்டர் டென்னியும் குருவே. அந்நாட்டில் கடைகளில் கிடைத்த 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் அங்கு வழங்கிய, எச்.ஓ.வை விடச் சற்றுப் பெரிய உடலளவுக்குப் பொருந்தாது என்று, அவர் 18 மில்லிமீட்டர் பாதையைத் தாமே அமைத்துக்கொண்டார். சமயச் சீர்திருத்தத்தின்போது கோயில் உருவங்களை உடைத்து ஒதுக்கிய ஒரு திருச்சபையின் குருக்கள், யாரும் குடியேறாத உருவங்களுக்கு இவ்வளவு கவனம் கொடுத்ததை முரண் என்று சிரித்து விட்டுவிடலாம். முரண் அன்று என்று கொள்வதே பொருத்தம்: யாரும் குடியேறாததால்தான் அவர்களுக்கு அது மனச்சாட்சியை உறுத்தாமல் வாய்த்தது.

தமிழ் மரபில் இந்த இடைநிலைக்கு நெருக்கமானவை சில உள்ளன. ஆகமங்கள் க்ஷணிக லிங்கம் என்றொரு வகையைக் கூறுகின்றன. மணல், அரிசி, சோறு, சந்தனம், மலர், மாவு, வெண்ணெய் போன்றவற்றால் அப்போதைக்குச் செய்து, வழிபட்டு, முடிந்ததும் கலைத்துவிடும் லிங்கம் அது. கீழ்வேளூருக்கு அடுத்த ரயில் நிலையமான சிக்கலின் தலபுராணம் இவ்வகையைப் பற்றியதே: வசிட்டர் வெண்ணெயால் லிங்கம் பிடித்து வழிபட்டு, பின் எடுக்க முயன்றபோது அது பெயராமல் நிலைத்துவிட்டது. கலைப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒன்று செய்தவரின் கையை மீறி நின்றுவிட்ட கதை இது. லேஅவுட்டுகளில் அப்படி எதுவும் நேர்வதில்லை. வீடு மாறும்போதும் செய்தவர் இறக்கும்போதும் அவை இரக்கமின்றிப் பிரிக்கப்படுகின்றன.

நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் பார்க் என்று ஒன்று வைப்பார்கள். தட்டில் கேழ்வரகோ கடுகோ முளைக்கவிட்ட பச்சை வயல், கண்ணாடியைப் பதித்த குளம், அட்டைக் கோபுரம், சாவி கொடுத்தால் வட்டமடிக்கும் ரயில். தமிழ் வீடுகளின் லேஅவுட் இதுதான் என்றால் மிகையாகாது. ஸ்கேல் என்ற கவலையே அதற்கு இல்லை, செட்டியார் பொம்மை நிலையத்தை விடப் பெரிதாக உட்கார்ந்திருக்கும். விசயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். அங்கே சிற்றுருவம் அம்மனுக்கு முன் வைக்கப்படுகிறது. வேளாங்கண்ணி மாதாவுக்கும் நாகூர் ஆண்டவருக்கும் நேர்ந்துகொண்டு செலுத்தப்படும் வீடு, கப்பல், கை, கால், தொட்டில் முதலிய உருவங்களும் அவ்வாறே. வெள்ளித் தகட்டில் அச்சடித்த வீடு எந்த வீட்டைப் போலும் இருப்பதில்லை, இருக்க வேண்டியதுமில்லை, பெறுபவருக்கு எந்த வீடு என்பது தெரியும். டெல்டாவின் சிற்றுருவங்கள் எல்லாம் இவ்வாறு ஒருவர் முன் வைக்கப்படுபவை. மாதிரி ரயிலை முன் வைப்பதற்கு அப்படி யாரும் இல்லை. படம் பகிர்வது அந்த வெற்றிடத்தில்தான் பிறக்கிறது.

பகிர்வை உற்சவருடன் ஒப்பிடத் தோன்றும்: கருவறையை விட்டு நகராத மூலவருக்குப் பதிலாக வீதிக்கு வந்து காட்சி தருவது உற்சவத் திருமேனி அல்லவா? ஒப்புமை நிற்காது. மூலவர் லிங்கமாகவும் உற்சவர் சோமாஸ்கந்தராகவும் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் சாயல் அன்று. திருப்பணிக் காலத்துப் பாலாலயத்தில் கும்ப நீருக்கோ மரப்பலகைக்கோ தெய்வ ஆற்றல் மாற்றப்படும்போது சாயல் என்ற பேச்சே எழுவதில்லை. படமோ சாயலை மட்டுமே கொண்டு செல்கிறது. அதற்கும் ஒரு தந்திரம் வேண்டியிருக்கிறது: எண்பத்தேழில் ஒரு பங்காக்கப்பட்ட மனிதரின் கண் தரையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில்கூட இராது, கேமராவை அங்கே இறக்கினால் மேசை விளிம்பும் அறைச்சுவரும் மறைந்து நிலையம் நிலையமாகிறது. அமெரிக்காவின் மான்டெரே நகரில் வாழ்ந்த ஜான் ஆலன் இவ்வித்தையில் தேர்ந்தவர். தொழிலால் புகைப்படக் கலைஞர். 1973 சனவரியில் அவர் இறந்து சில நாள்களுக்குள் அவருடைய லேஅவுட்டின் பெரும்பகுதி தீயில் அழிந்தது. இன்று அது பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் படங்களை மட்டுமே கண்டவர்கள். பிளேட்டோவின் வரிசையில் மூன்றாவது எரிந்து போக, நான்காவது எஞ்சியிருக்கிறது.

பற்று என்ற குற்றச்சாட்டுக்குச் சைவ சித்தாந்தம் தரும் விடை எதிர்பார்ப்பதை விட நுட்பமானது. அத்தரிசனத்தில் மாயை என்பது பொய்த்தோற்றம் அன்று. உயிருக்கு உடல், கருவி, உலகம், நுகர்பொருள் ஆகிய நான்கையும் தந்து உதவும் உள்பொருள். ஆகவே ஈயமும் பித்தளையும் பிசினும் மெய்யே, அவற்றில் உழைப்பதும் மெய்யே. உயிரோ தான் சார்ந்ததன் தன்மையை ஏற்பது. அதனால் அங்கே எழும் கேள்வி பொருள் மெய்யா பொய்யா என்பதன்று. இதைச் சார்ந்து உயிர் என்னவாகிறது என்பதே. ரிவெட்டு எண்ணுபவர் என்று இத்துறையினர் தமக்குள் கேலி செய்யும் ஒரு வகையினர் உண்டு; பிறர் படத்தில் எஞ்சினின் பக்கத் தகட்டில் ஓர் ஆணி குறைந்தாலும் சொல்லிவிடுபவர்கள். அவர்களைப் பார்த்தால் உயிர் ஆணியின் வண்ணம் பெற்றுவிட்டதோ என்று தோன்றும்.

ஆயினும் அவர்களுக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய பூசலார், திருநின்றவூரில் கோயில் கட்டப் பொருள் கிட்டாமல் மனத்துக்குள்ளேயே அடித்தளம் முதல் சிகரம் வரை முறைப்படி எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர் அரசன் கனவில் இறைவன் சொல்லக் கேட்டுத் தேடி வந்தபோது, காட்டுவதற்கு அவரிடம் எதுவும் இல்லை. அந்த மனக்கோயிலில் குறை காண மனிதர் எவராலும் இயலாது. காண வேண்டியவர் ஒருவரே, அவரும் ஏற்றுக்கொண்டுவிட்டார். மாதிரி எஞ்சினைச் செய்தவருக்கு அத்தகைய ஒருவர் இல்லை. அவர் தம் வேலையைக் குறை காணத்தக்க இடத்தில் வைக்கிறார். ஆணவம் நுழைவதும் அவ்விடத்திலேதான், அது அடி வாங்குவதும் அங்கேதான். சக்கரங்கள் உள்ளே ஒடுங்கியிருப்பதை யாரேனும் சுட்டினால் அடுத்த எஞ்சினுக்கு 19.3 மில்லிமீட்டர் பாதையைக் கையாலேயே அமைக்கத் தொடங்குபவரும் உண்டு, அன்றோடு படம் காட்டுவதை நிறுத்திவிடுபவரும் உண்டு.