பழியும் பார்வையாளரும்

பழிவாங்கும் உணர்ச்சி வேதனையிலிருந்து பிறக்கின்றது என்பது பொதுவான நம்பிக்கை. பெருங்காயம் பெரும்பழியைத் தேடும் என்றும், சிறுகாயம் தானாக ஆறும் என்றும் நாம் எண்ணுகின்றோம். இது உண்மைதானா? 2016இல் வெளிவந்த ‘மகேஷின்டெ பிரதிகாரம்’ என்னும் மலையாளத் திரைப்படம் நகைச்சுவையோடு இவ்வினாவை எழுப்புகின்றது.

சியாம் புஷ்கரன் எழுதி, திலீஷ் போத்தன் இயக்கிய இப்படத்தின் களம் கேரளத்தின் இடுக்கி மலைநாடு. அங்கே ஒரு சிற்றூரிலே புகைப்பட நிலையம் நடத்துபவன் மகேஷ். அற்பச் சச்சரவொன்றிலே தலையிடப்போன அவனை ஜிம்சன் என்பவன் ஊரார் முன்னிலையில் அடித்து வீழ்த்துகின்றான். உடுத்த வேட்டியும் அவிழ்ந்துவிடுகின்றது. திருப்பி அடிக்கும்வரை செருப்பணிவதில்லை எனச் சபதம் செய்த மகேஷ், குங்பூவும் கற்கின்றான். ஏறத்தாழ அதே காலத்தில், அவன் நெடுநாள் நேசித்த பெண் வசதியான வரனொன்றை மணந்து சென்றுவிடுகின்றாள்.

இரண்டு காயங்களில் ஆழமானது எது? காதலின் இழப்பே என்பதில் ஐயமில்லை. ஆயினும், அதற்காக அவன் எச்சபதமும் செய்யவில்லை. சில நாட்களில் மறையும் உடற்காயத்திற்கே சபதம்! காரணம் எளிது. காதல் முறிந்ததை ஊர் பார்க்கவில்லை. வேட்டி அவிழ்ந்ததைப் பார்த்தது. பழியுணர்ச்சியை வளர்ப்பது வேதனையின் ஆழமன்று, பார்வையாளரின் தொகையே.

ஜிம்சனோ பிழைப்புத் தேடித் துபாய்க்குப் போய்விடுகின்றான். பகைவன் அங்கே உழைக்க, சபதம் செய்தவன் வெறுங்காலோடு கல்லிலும் முள்ளிலும் நடக்கின்றான். சிரிப்பூட்டும் இக்காட்சியில், பழி முதலில் யாரைத் தண்டிக்கின்றது என்ற உண்மையும் அடங்கியுள்ளது.

அப்படியானால் அவமதிக்கப்பட்டோர் பொறுமை காக்க வேண்டுமா? அவ்வுபதேசம் காலங்காலமாக மேலிருப்போர் கீழிருப்போருக்குச் சொல்லிவந்தது. அதனை நாம் ஏற்க முடியாது. அரசவையிலே இழிவுபடுத்தப்பட்ட பாஞ்சாலி கூந்தல் முடியாதிருந்தது அதிகாரத்தின் அநீதிக்கு எதிராக. சாதியாலும் செல்வத்தாலும் மனிதரைத் தாழ்த்தும் அமைப்பை எதிர்ப்பது பழியன்று, உரிமை. மகேஷும் ஜிம்சனுமோ சமநிலையினர். அவர்களிடையே அநீதியான அமைப்பெதுவும் இல்லை. இருப்பது ஊரார் கண் மட்டுமே.

மகேஷின் தன்மானத்தை இன்னொருத்தியும் தீண்டுகின்றாள். தன்னை அவன் எடுத்த புகைப்படம் நன்றாக இல்லையென முகத்துக்கு நேரே சொல்லிவிடுகின்றாள் ஜிம்சி. அவள் ஜிம்சனின் தங்கை என்பதை அவன் பின்னரே அறிகின்றான். இந்த அடிக்கு அவன் சபதம் செய்யவில்லை. தந்தையின் தொழிலை உண்மையாகக் கற்கத் தொடங்குகின்றான். அவனை உயர்த்தியது குங்பூவன்று, இக்கல்வியே.

முடிவில் அவன் ஜிம்சனோடு மோதி வெல்கின்றான். பின்னர் மருத்துவமனைக்குச் சென்று அவனிடமே ஜிம்சியைப் பெண் கேட்கின்றான். பகைமை எப்போதோ தீர்ந்துவிட்டது. எஞ்சியிருந்தது சபதம் மட்டுமே. ஒரு சோடிச் செருப்புக்காக இத்தனை காலம் வெறுங்காலோடு நடந்தவனைப் பார்த்துச் சிரிக்கும் நாம், ஊரார் கண்ணுக்கு அஞ்சி எவற்றைக் கழற்றிவைத்திருக்கின்றோம் என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.