கசியும் நீரும் கடமையும்

மும்பையில் ஓர் அடுக்குமாடியில், மேல்வீட்டுக் குளியலறை நீர் கீழ்வீட்டுக் கூரையிற் கசிகிறதெனக் கொள்வோம். பொறுப்பு யாருடையது? மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான 2014ஆம் ஆண்டின் மாதிரித் துணைவிதிகள், மழைநீர்க் கசிவையும் பொதுக்குழாய்க் கசிவையும் சங்கத்தின் செலவாக்குகின்றன. வீட்டினுட் கழிப்பறை, தொட்டி முதலியவற்றின் கசிவை அவ்வீட்டாரின் செலவாக்குகின்றன.

விதி செலவைப் பிரிக்கும், மனத்தை ஆராயாது. தரைக்கடியிற் குழாய் துருவேறியதை அறியாதவர் பணங்கொடுக்கக் கடமைப்பட்டவரேயன்றிக் குற்றவாளியல்லர். கீழ்வீட்டார் வந்துரைத்த பின்னரும், "எம் தரை உலர்ந்தேயிருக்கிறது" எனக் கதவடைப்பவரே குற்றத்துட் புகுகிறார். நீர் ஊறிக் கம்பி துருவேறினால் காரை பெயர்ந்து விழும், தளமும் வலுவிழக்கும். அத்தளமோ ஒருவர்க்குக் கூரை, மற்றவர்க்குத் தரை.

கீழ்வீட்டாரும் கசிவின் மூலத்தை ஆராயுமுன் பழி கூறலாகாது. ஆதலின், நாம் முதலில் குழாயை மூடுவோம். கணக்கைப் பின்னர்த் தீர்ப்போம். அறிந்தபின் கடத்திய ஒவ்வொரு நாளின் சேதமும் கடத்தியவரையே சாரும்.