வாங்காத கடனை யார் கட்டுவது?

பொருளாதார மந்தம் ஏன் வருகிறது, அதற்கு மருந்து என்ன என்னும் வாதம் பேராசிரியர்களுக்கும் அமைச்சர்களுக்கும் மட்டுமே உரியது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அப்படியன்று. சில மாதங்களுக்கு முன் ஸ்பிரிங்வெளியில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, அதே வாதம் கோவில் படியில் சூடாக நடந்துகொண்டிருந்தது.

ஒருபுறம், நாற்பது ஆண்டுகள் மலையில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர். மறுபுறம், 2022இல் கொழும்பில் வேலையிழந்து லயத்துக்கே திரும்பி வந்த அவருடைய பேரன். "வரவுக்கு மிஞ்சிச் செலவழிச்சா வீடும் கெடும், நாடும் கெடும். கடன வாங்கினா கட்டித்தான் ஆகணும்" என்றார் பெரியவர். "யாரு தாத்தா வாங்கினது? நம்ம லயத்துக் கூரைக்கு அந்தக் கடன்ல ஒரு தகரமாவது வந்திச்சா?" என்று கேட்டான் பேரன். பின்பு என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க சாமி, வாங்காத கடன நாம ஏன் கட்டணும்?" என்றான்.

அடுத்த தோட்டத்தில் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நான் இறங்கிவிட்டேன். நேரமாகியிருந்தது உண்மைதான். ஆயினும் பதில் தெரியாததும் உண்மை. அந்த இளைஞனுக்குக் கொடுக்கவேண்டிய பதிலை இங்கே எழுத முயல்கிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை நிறுத்திவைத்தது. சுதந்திரத்தின் பின் அதுவரை நேர்ந்திராத நிலை அது. ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாய் ஆயிற்று. செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலை முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்திருந்தது. அந்த ஆண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது.

காரணம் என்ன? வெளியிலிருந்து வந்த அடிகள் என்று சிலர் சொல்லுகிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, 2020 கொரோனா, 2022 உக்ரேன் யுத்தம் ஆகியவற்றை எடுத்துக்காட்டுகிறார்கள். இவை மெய்யே. ஆனால் அதே புயலில் வேறு பல நாடுகளின் படகுகள் கவிழவில்லை. நம் படகில் முன்னமே ஓட்டை இருந்தது. டொலரை ஈட்டித் தராத காரியங்களுக்காகப் பல்லாண்டுகள் டொலரில் கடன் வாங்கினோம். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வருமான வரியும் பெரிதும் தளர்த்தப்பட்டது. அரசாங்கத்தின் வருவாய் சரிந்தது. 2021இல் இரசாயன உரம் திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, அடுத்த ஆண்டு 25 கோடி கிலோவாக விழுந்தது. இந்த வீழ்ச்சி நம் பெண்களுக்குப் புள்ளிவிபரமாக வரவில்லை. கூடையில் கொழுந்து குறைந்து, செக்ரோலில் அரைப்பேராக வந்தது.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதிகள் இருவர் உட்பட, பொருளாதாரத்தை நடத்திய சிலர் மக்கள் தங்கள்மேல் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்தது. ஆகவே இந்த மந்தம் மழையைப்போல, மண்சரிவைப்போல வந்ததன்று. மனிதர் செய்த தீர்மானங்களினால் வந்தது. மனிதர் செய்ததற்கு மனிதர் பொறுப்புச் சொல்லவேண்டும். இவ்வளவில் பேரன் சொன்னது சரி.

ஆயினும் பெரியவரையும் தள்ளிவிட முடியாது. கடனைக் கட்டமாட்டோம் என்று நாடு கையை விரித்துவிட்டால் மருந்து எப்படி வரும்? எரிபொருள் எப்படி வரும்? காசை அச்சிட்டுச் சமாளிக்கலாம் என்றால், விலைவாசி ஏறி, காணியும் தங்கமும் இல்லாத ஏழையைத்தான் முதலில் அடிக்கும். எனவே 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்துகொண்ட ஏறத்தாழ 300 கோடி டொலர் ஏற்பாட்டை வெறும் அடிமைச் சாசனம் என்று நான் சொல்லமாட்டேன். நோயாளிக்குக் கசப்பு மருந்து வேண்டியிருந்தது.

ஆனால் மருந்தை யார் குடித்தார்கள் என்பதல்லவா நம் கேள்வி? 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய் ஆயிற்று. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று. கடையில் சவர்க்காரம் வாங்கும் தொழிலாளிக்கும் அதே வீதம், முதலாளிக்கும் அதே வீதம். 2023இல் உள்நாட்டுக் கடன் சீரமைக்கப்பட்டபோது, வங்கிகள் தளர்ந்துவிடக்கூடாது என்று அவற்றின் முறிகளை விட்டுவிட்டு, ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வுகால நிதிகளின்மேல் பாரத்தை ஏற்றினார்கள். வங்கி விழுந்தால் ஏழையின் சேமிப்பும் போகும் என்பது நியாயமான அச்சமே. 9 சதவீத வட்டிக்கு அரசாங்கம் உறுதி கூறியதும் உண்மை. ஆயினும் விலைவாசி தின்றுபோன மீதியையும் விட்டுக்கொடுக்கும்படி கேட்கப்பட்டவள், முப்பது வருடம் கொழுந்து பறித்தவள் அன்றோ!

சம்பளத்தைப் பாருங்கள். தேயிலை டொலருக்கு விற்கப்படுகிறது. ரூபாய் விழுந்ததும் 2022இல் கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோவின் ரூபாய் விலை ஏறத்தாழ இரு மடங்காயிற்று. உரமும் எரிபொருளும் கம்பனிகளுக்கும் விலையேறியதை மறுக்கவில்லை. ஆனால் 2021இல் நிர்ணயமான 1,000 ரூபாய் நாட்சம்பளம் 2024 வரை அசையவில்லை. ஐந்து டொலர் பெறுமதியாக இருந்த பேர், மூன்று டொலருக்கும் கீழே போயிற்று. விளைபொருள் டொலரில், உழைப்பு ரூபாயில்! இது மலையகத்துக்குப் புதிதன்று. 1930களின் உலக மந்தத்தில் குறைந்தபட்சச் சம்பளத்தையே குறைத்தார்கள். 1973-74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் மரண விகிதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட மிக உயர்ந்தது. காரணங்கள் காலத்துக்குக் காலம் மாறின. பாரம் வந்து இறங்கிய தோள் மாறவில்லை.

வேதாகமத்தில் மந்தகாலத்துக்கு மருந்து கண்ட மனிதன் யோசேப்பு. ஏழு செழிப்பான ஆண்டுகளில் சேர்த்து, ஏழு பஞ்ச ஆண்டுகளில் கொடுத்தான். ஆதியாகமம் 41ஆம் அதிகாரத்தின் இந்தப் பகுதியை நாம் விரும்பிப் பிரசங்கிக்கிறோம். 47ஆம் அதிகாரத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அங்கே மக்கள் தானியத்துக்காக முதலில் பணத்தைக் கொடுக்கிறார்கள். பின்பு மந்தைகளை, பின்பு நிலத்தை, கடைசியில் தங்களையே பாரவோனுக்கு விற்கிறார்கள். உயிர் தப்பியது, சுதந்திரம் போயிற்று. ஒரு சாராரின் நிலம் மட்டும் வாங்கப்படவில்லை. யாருடையது? குருக்களுடையது! அரண்மனையிலிருந்து அவர்களுக்குப் படி வந்துகொண்டிருந்தது.

இதை வாசிக்கும்போது ஒரு குருவானவனாகிய எனக்கு வெட்கமாக இருக்கிறது. பஞ்சத்திலிருந்து விலக்குப் பெற்றவர்கள் எக்காலத்திலும் பஞ்சத்தின் மருந்தைப் புகழ்வார்கள். சிக்கனம் பற்றி நான் பிரசங்கித்த நாட்களில் என் சாப்பாட்டு மேசையில் எதுவும் குறையவில்லை. அதுமட்டுமன்று. திருநாட் செலவுக்கு எல்லா வீடுகளிடமும் ஒரே தொகையை நாமும் வாங்கினோம். கொழும்பிலிருந்து பணம் வரும் வீட்டுக்கும் அதே தொகை, அரைப்பேரில் வாழும் விதவைக்கும் அதே தொகை. 18 சதவீத வரியைக் குறைகூறும் நம் வாய், இதற்கு என்ன பதில் சொல்லும்?

எனவே அந்த இளைஞனுக்கு என் பதில் இது. தம்பி, நாட்டின் கடன் கட்டப்படத்தான் வேண்டும். கட்டாவிட்டால் உன் தாத்தாவின் மருந்துதான் முதலில் நின்றுபோகும். ஆனால் எல்லோரும் சமமாகக் கட்டுவது நீதியன்று. கடனால் கொழுத்தவனும், வரிச்சலுகை பெற்றவனும், தீர்மானம் எடுத்தவனும் முதலில் கட்டவேண்டும். நீ கடைசியில், உன் அடுப்பு எரிந்தபின், கட்டவேண்டும். அந்த வரிசையைக் கேட்பது கலகம் அன்று, நீதியைக் கேட்பது. தொழிற்சங்கத்தில் கேள், வாக்குச்சீட்டில் கேள். பாட்டியின் சேமலாப நிதிக் கணக்கில் மாதாமாதம் பணம் விழுகிறதா என்றும் கேள்.

எங்களிடமும் கேள். வருகிற திருநாளுக்கு வீட்டுக்கு வீடு ஒரே தொகை என்னும் வழக்கத்தை நிறுத்தி, இயன்றவர் இயன்றதைத் தருவது என்று பங்குச் சபையில் முன்வைக்கப்போகிறேன். பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஆனால் நாட்டுக்குச் சொல்லும் நீதியை முதலில் கோவில் படியிலேயே தொடங்கவேண்டும். அன்று நான் பதில் சொல்லாமல் இறங்கிப்போனதும் அதே படியில்தான்.