தலைசாய்க்க ஓர் இடம்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, பிப்ரவரி 28ஆம் நாள் இரவு வீடற்றோரை எண்ணுவதற்கென ஒதுக்கப்பட்டது. வீடுவீடாகச் சென்ற பணியாளர்கள் அன்றிரவு நடைபாதைகளுக்கும் தொடர்வண்டி நிலையங்களுக்கும் பாலத்தடிகளுக்கும் வழிபாட்டிடங்களின் வாசல்களுக்கும் சென்றனர். நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 இலட்சம் பேர் வீடற்றோர் எனக் கணக்கில் வந்தனர். பெயரைப் பதிவு செய்வதற்காகத் தாவீதின் ஊருக்குச் சென்ற ஒரு தச்சரும், பேறுகாலம் நெருங்கிய அவர்தம் துணைவியாரும் விடுதியில் இடமின்றி நின்றதை ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவில் கேட்கும் நமக்கு, இது வெறும் புள்ளிவிவரமாக இருக்க இயலுமா? நம் மீட்பர் பிறந்ததும் ஒரு கணக்கெடுப்பின் காலத்தில்தான். எண்ணிக்கையில் இடம்பெற்ற குடும்பத்துக்கு ஊரில் இடம் கிடைக்கவில்லை.

எண்ணுவது வேறு, ஏற்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்க வேண்டியவர் யார்? அரசா, திருச்சபையின் நிறுவனங்களா, தனிமனிதரா? வீடற்றோரிடம் நாம் காட்டும் இரக்கம், விரும்பினால் அளிக்கும் கொடையா? அன்றி, தீர்த்தே ஆகவேண்டிய கடனா?

விடை தேடுமுன் ஓர் உண்மையை மனத்தில் கொள்ளவேண்டும். எவரும் ஒரே நாளில் வீதிக்கு வந்துவிடுவதில்லை. மழை பொய்க்கிறது, கடன் பெருகுகிறது, பிழைப்புத் தேடி நகரம் வந்தவருக்கு வேலை கிடைக்கிறது, வாடகைக்குப் பணம் போதவில்லை. கணவன் இறந்தபின் புகுந்த வீடு கைம்பெண்ணைப் புறந்தள்ளுகிறது. சொத்தைப் பிரித்துக்கொண்ட பிள்ளைகளிடையே முதிய தாய்க்கு மட்டும் பங்கில்லாமல் போகிறது. மனநோயுற்றவர் வழிதவறி நடக்கத் தொடங்குகிறார். கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டு, இறுதியில் எஞ்சுவதே வீதி. சென்னை ஜார்ஜ் டவுன் நடைபாதைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்கள் உண்டு. சுமை தூக்கியும் பூ விற்றும் உழைக்கின்ற அவர்கள், வேலை அங்கே இருப்பதால் அங்கே இருக்கிறார்கள். நகரின் குடிசைப்பகுதிகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்டவருள் பலர் கூரையைப் பெற்றனர். ஆனால் பிழைப்பையும் பிள்ளைகளின் பள்ளியையும் இழந்தனர். உறவும் உழைப்பும் சூழ அமைந்தால்தான் கூரை வீடாகிறது.

இனி, நாம் வழக்கமாகச் சொல்லும் மறுப்புகளுக்கு வருவோம். “கொடுத்தால் குடித்துவிடுவார்கள், உழைக்க மனமில்லாதவர்கள்” என்பது முதலாவது. புனித யோவான் கிறிசோஸ்தோம், செல்வனும் இலாசரும் உவமையைக் குறித்து ஆற்றிய மறையுரைகளில் இதற்கு விடை தந்துள்ளார். ஏழையின் வாழ்க்கையைத் துருவி ஆராயும் நீதிபதியாகச் செல்வர் அமர வேண்டியதில்லை என்றும், இல்லாமையே ஏழைக்குப் போதுமான தகுதி என்றும் அவர் கற்பித்தார். பணம் தருவதா, உணவு தருவதா, மருத்துவரிடம் அழைத்துச் செல்வதா என ஆராய்வது நன்றே. அது விவேகம் என்னும் நற்பண்பு. ஆயினும், எப்படி உதவுவது என்று கேட்பதே விவேகம். உதவத்தான் வேண்டுமா என்று கேட்பது விவேகத்தின் ஆடையை உடுத்திய கல்நெஞ்சம்.

இரண்டாவது மறுப்பு நயமானது. “இதற்கென்று துறவற சபைகள் உள்ளன, அரசுக் காப்பகங்கள் உள்ளன, நன்கொடை தருகிறோமே!” நிறுவனங்கள் தேவையே. 4ஆம் நூற்றாண்டில் புனித பசிலியார் செசரியா நகருக்கு வெளியே ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் நோயாளருக்கும் ஒரு பெரும் இல்லத் தொகுதியை எழுப்பினார். கல்கத்தாவின் தெருக்களில் இறந்துகொண்டிருந்தோருக்காக அன்னை தெரசா 1952இல் நிர்மல் ஹிருதய் இல்லத்தைத் திறந்தார். ஆனால் கிறிசோஸ்தோம் கான்ஸ்டாண்டிநோபிள் மக்களுக்குத் திருத்தூதர் பணிகள் நூலை விளக்கியபோது, திருச்சபையின் விடுதி இருக்கிறதே என்று ஒதுங்கிக்கொள்ளாதீர்கள் என எச்சரித்தார். பிறர் செபிப்பதால் நாம் செபிக்கத் தேவையில்லை என்று ஆகிவிடுமா? ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறையை, ஒரு கட்டிலை, ஒரு விளக்கைக் கிறிஸ்துவுக்கென ஒதுக்கி வையுங்கள் என்று அவர் வேண்டினார். நிறுவனம் நம் கைகளை நீட்டித் தரலாம். நம் இதயத்துக்குப் பதிலாள் ஆகமுடியாது.

இதன் மறுபுறமும் உண்மையே. தனிமனித இரக்கம் மட்டும் போதாது. குளிர்கால இரவில் தரும் போர்வை அந்த இரவுக்கு விடை. அடுத்த ஆண்டும் அவர் அங்கேயே படுத்திருப்பாரெனில், போர்வை தந்த சமூகம் இன்னொரு கேள்விக்கு விடைசொல்லியாக வேண்டும். வீடற்றோருக்கான அனைத்துலக ஆண்டாகிய 1987இல், திருப்பீடத்தின் நீதி, அமைதி ஆணையம் வீட்டுச் சிக்கலைக் குறித்து ஓர் ஏடு வெளியிட்டது. வீடற்ற உன் சகோதரனுக்கு நீ என்ன செய்தாய் என்ற கேள்வியே அதன் தலைப்பு. காயினிடம் கடவுள் கேட்ட கேள்வி அதில் ஒலிக்கிறது. இந்திய உச்சநீதிமன்றமும் 1985இல், பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று அறிவித்தது. எனினும் முறையான அறிவிப்புடன் அவர்களை அகற்றலாம் என்றே தீர்ப்பளித்தது. நகர்ப்புறங்களில் இலட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் நிலையான காப்பகம் வேண்டும் என்று 2013இல் நடுவண் அரசின் திட்டம் நெறி வகுத்தது. நம் ஊரில் அத்தகைய காப்பகம் உண்டா, அதன் நிலை என்ன என்று கேட்பதும் பிறரன்புப் பணியே. கொடையால் கடனை மறைப்பது அறமாகாது.

ஆகவே, அன்று இரவுக்கான உதவி இரக்கத்தின் பணி. நிலையான இடம் நீதியின் பணி. ஒன்றைக் காட்டி மற்றொன்றிலிருந்து தப்பிக்கவே நாம் பெரும்பாலும் முயல்கிறோம்.

இக்கேள்வி நம் ஆலயத்தின் படிக்கட்டுக்கே வந்து நிற்கிறது. முகப்பில் படுத்துறங்குவோரால் தூய்மை கெடுகிறது, வாசலுக்கு இரும்புக் கதவு அமைப்போம் என்ற வேண்டுகோள் பங்குப் பேரவைகளில் எழுவதுண்டு. தூய்மையும் பாதுகாப்பும் பொருட்படுத்தத் தக்கவையே. ஆனால் புனித பெனடிக்ட் யோசேப்பு லாபரே என்பவரை எண்ணிப்பாருங்கள். கந்தலுடுத்தி, திருத்தலம் திருத்தலமாக நடந்து, உரோமையில் கொலோசிய இடிபாடுகளில் இரவுகளைக் கழித்தவர் அவர், 1783இல் இறந்தார். 1881இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அவர் இன்று நம் ஆலயத்துக்கு வந்தால் பீடத்தில் அவருடைய உருவத்துக்கு இடம் கிடைக்கும். படிக்கட்டில் அவருக்கு இடம் கிடைக்குமா? கதவு அமைப்பதாயின், அதற்குமுன் அங்கே படுத்திருப்பவர் இனி எங்கே படுப்பார் என்ற கேள்விக்குப் பேரவை விடை காணட்டும்.

எல்லாராலும் இல்லம் கட்ட முடியாது. ஆயினும் நம்மால் இயன்றவை பல. நாள்தோறும் நாம் கடந்துசெல்லும் ஒருவரின் பெயரைக் கேட்டறியலாம். அடையாள அட்டையும் ஓய்வூதியமும் பெற அன்பியத்தின் இளைஞர்கள் துணைநிற்கலாம். பெருமழைக் காலத்தில் பங்கு மண்டபத்தைத் திறந்துவிடலாம். நம் வீட்டில் முப்பதாண்டு பாத்திரம் துலக்கிய அம்மாள் முதுமையில் எங்கே உறங்குகிறார் என்று விசாரிக்கலாம். வாடகைக்கு வீடு விடும் நம்மவர், சாதியைக் கேட்டும் கைம்பெண் என்று அறிந்தும் கதவை அடைக்காதிருக்கலாம். நற்கருணை வாங்கிய நாவால் “உங்களுக்கு வீடு இல்லை” என்று சொல்பவர், வீதிக்குச் செல்லும் நீண்ட வழியில் ஒரு கதவை அடைத்தவராகிறார். வீதிக்கு வந்தபின் சோறிடுவதைவிட, வீதிக்கு வராமல் தடுப்பது பெரிய அறமன்றோ?

எம்மாவு நோக்கிச் சென்ற சீடர் இருவரும் உடன் நடந்த அந்நியர் யார் என்று அறிந்திருக்கவில்லை. வழியெல்லாம் அவர் பேச்சைக் கேட்டனர்; பொழுது சாய்ந்தபோது தங்களோடு தங்குமாறு அவரை வற்புறுத்தி அழைத்தனர். அவரோ அப்பால் செல்பவர்போல் காட்டிக்கொண்டார் என்று நற்செய்தியாளர் எழுதுகிறார். அழைக்காதிருந்தால் அவர் போயே இருப்பார். அப்பம் பிட்கப்பட்டபோதுதான் அவர்கள் கண்கள் திறந்தன. ஆண்டவர் என்று அறிந்தபின் அவர்கள் அழைக்கவில்லை, அழைத்தபின்பே அறிந்தார்கள். பொழுது சாயும் இவ்வேளையிலும் நம் வாசலைக் கடந்து ஒருவர் அப்பால் சென்றுகொண்டிருக்கிறார்.