பொய் வண்ணம்

1995-ல் ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 6,500 ஒளியாண்டு தூரத்தில் உள்ள வாயு, தூசித் தூண்கள். ஹப்பிள் கேமராவுக்கு நிறம் தெரியாது. ஃபில்டர் மாற்றி மாற்றி எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பிற்பாடு வண்ணம் ஏற்றினார்கள். கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம்.

நிஜத்தில் அந்த ஃபில்டர்கள் பிடித்த ஹைட்ரஜன் ஒளியும் சிவப்புதான். அப்படின்னா இது பித்தலாட்டமா?

இல்லை. ரெண்டையும் சிவப்பாகவே விட்டிருந்தால் எது எங்கே என்று கண்ணுக்குப் பிரிந்திருக்காது. எந்த நிறம் எதற்கு என்று விஞ்ஞானிகள் சொல்லிவிட்டுத்தான் பூசினார்கள். அதே படத்தைக் காலண்டரில் அச்சடிக்கும்போது அந்தக் குறிப்பை விட்டுவிட்டால், வானமே அப்படித்தான் என்று நம்பிவிடுவோம். பொய் அங்கேதான் ஆரம்பிக்கிறது.