பொய் சொல்லிப் பணிவிடை செய்யலாமா?



தராசில் பத்து கிராம் குறைந்தாலும் உறங்க மாட்டாதவர்கள் நம் வணிகர்கள். அப்படிப்பட்ட நாம், வீட்டில் இருக்கும் நோயாளியிடம் மட்டும் எண்ணைக் குறைத்துச் சொல்லுகிறோமே, இது நியாயந்தானா? சில மாதங்களாக இக்கேள்வி என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் கடையுமே என் படிப்பு. எழுத்தில் குற்றமிருப்பின் பொறுத்தருள்க.

என் வாப்பாவுக்கு இரத்தக் கொதிப்பு. மாலையில் கடையைத் தம்பியிடம் விட்டு வந்து நானே அளப்பேன். மேல் எண் 165, 170 என்று நிற்கும். "எவ்வளவு தம்பி?" என்பார்கள். "135 தான் வாப்பா" என்பேன். கேட்டால் பயந்து விடுவார்களே என்ற இரக்கம். அது மட்டுமா? உண்மையைச் சொன்னால் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். அரைநாள் வியாபாரம் கெடும். இந்தக் கணக்கும் அந்த இரக்கத்துக்குள் ஒளிந்திருந்தது. எழுதவே கை கூசுகிறது.

135, 135 என்று தினமும் கேட்ட வாப்பா, நோய் தீர்ந்ததென்று எண்ணி மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். என் சொல்லை நம்பிச் செய்த தீர்மானம் அது. ஒரு விடியற்காலையில் வலது கை தூக்க வரவில்லை, வாய் கோணிவிட்டது.

காய்ச்சல்காரருக்கு அவர் உடம்பே சாட்சி. இரத்தக் கொதிப்பு பெரும்பாலோர்க்கு வலியும் தராது, மயக்கமும் தராது. அந்த எண் ஒன்றே சாட்சி. 1896-ல் ரிவா-ரோச்சி என்ற இத்தாலிய வைத்தியர் கையில் பட்டை சுற்றி அளக்கும் கருவியை அமைத்தார். 1905-ல் ருஷ்யாவின் கொரோட்காவ், குழல் வைத்து ஓசை கேட்டு இரு எண்களையும் அறிய வழி கண்டார். இத்தனை பாடுபட்டுக் கிடைத்த சாட்சியை நான் நோயாளியிடமிருந்தே மறைத்தேன். சிங்கப்பூரில் 2021-22-ல் எடுத்த சுகாதாரக் கணக்கில், பெரியவர்களில் நூற்றுக்கு 37 பேருக்கு இந்நோய் இருந்தது. ஆகவே இது என் வீட்டுக் கதை மட்டுமன்று.

"எண்ணைச் சொன்னால் பயத்திலேயே கொதிப்பு ஏறாதா?" என அன்பர்கள் கேட்கலாம். ஏறும், மறுப்பதற்கில்லை. அதற்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஒழுங்காக அளந்து, விளக்கிச் சொன்னால் போதும். ஆஸ்பத்திரித் தாதி எனக்குக் கற்பித்தது இது: அளப்பதற்கு அரைமணி முன் காப்பியும் சிகரெட்டும் ஆகா. முதுகு சாய்த்து, பாதம் தரையில் படிய, ஐந்து நிமிஷம் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். கை நெஞ்சின் உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிஷம் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஒருநாள் எண்ணைக் கொண்டு கலங்கலாகாது. ஒருநாள் விற்பனையை வைத்தா நாம் லாப நஷ்டம் பார்க்கிறோம்? ஆனால் 180-க்கு மேல் போய், நெஞ்சுவலியோ பேச்சுக் குழறலோ கை தளர்வோ கண்டால் ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

தேத்தண்ணீரில் மாத்திரையை இடித்துக் கலந்து கொடுப்பாரும் உண்டு. மெல்லக் கரையும்படி செய்த மாத்திரையை இடித்தால் ஒருநாள் மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். அதனினும் பெரிது ஒன்றுண்டு. விஷயம் தெரிந்தபின் அப்பெரியவர் அவ்வீட்டில் எந்தக் கோப்பையை நம்பிக் குடிப்பார்? நினைவு தடுமாறியவர் விஷயம் வேறு. அதையும் டாக்டரைக் கேட்டே செய்ய வேண்டும்.

நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறது, நின்றால் தீருகிறது என்பார் சிலர். "வயசாகி விட்டது" என்று நாம் ஆறுதல் சொல்லி விடுகிறோம். அதுவும் ஒருவகைப் பொய்தான். காலின் இரத்தக் குழாய் சுருங்கியிருக்கலாம். அத்தகையோர் பாதத்தைத் தினமும் பார்த்து, சிறு புண்ணாயினும் டாக்டரிடம் காட்ட வேண்டும். குளிர்ந்த கால் என்று வெந்நீர்ப் பை வைக்கலாகாது. உணர்ச்சி குறைந்த தோல் வெந்து போனாலும் அவருக்குத் தெரியாது.

வாப்பா பிழைத்தார்கள். பேச்சு திரும்பியபின் எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் வாய் திறக்கவில்லை. பிறகு கடையிலிருந்து புதிய கணக்குப் புத்தகம் ஒன்று கொண்டுவரச் சொன்னார்கள். இப்போது தளராத இடது கையில் பட்டை சுற்றுகிறோம். எண்ணை அவர்களே பார்த்துச் சொல்ல, நான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் புத்தகத்தை வாங்கி, சரியாக எழுதினேனா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள்.