வினாவின் கடன்

வினா அறுவகைப்படும் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் வகுத்துரைத்தார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என அவற்றை ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகின்றார். மாணவர் தேர்வுக்காக மனனம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் அவ்விலக்கணம் ஏட்டோடு மூடி வைக்கப்படுகின்றது. ஆயின் அவ்வாறு வினாக்களும் நாள்தோறும் உயிர்பெற்று எழும் மன்றம் ஒன்று உண்டு. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டோர் எழுந்து நின்று அமைச்சரை நோக்கி வினவும் சட்டமன்றமும் நாடாளுமன்றமுமே அவை. ஆங்கு வினவுவோன் யார்? விடை கூறும் கடப்பாடு யாருக்கு? வினாவுக்கும் ஓர் அறம் உண்டா? இவை எண்ணிப் பார்த்தற்குரியன.

அதிகாரத்தில் உள்ளோரை நோக்கி வினவும் உரிமை ஒரே நாளில் கிட்டியதன்று. இங்கிலாந்து நாட்டின் பிரபுக்கள் அவையில் 1721ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட ஒரு வினாவே ஏட்டில் பதிவான முதல் நாடாளுமன்ற வினா என்பர். தென்கடல் வணிகக் கழகத்தின் வீழ்ச்சியால் பல்லோர் பொருளிழந்து நின்ற காலம் அது. அக்கழகத்தின் காசாளர் நாட்டை விட்டு ஓடிவிட்ட செய்தி குறித்தே அவ்வினா எழுந்தது. இந்தியாவிலோ 1892ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின்னரே சட்டசபை உறுப்பினர்க்கு வினவும் உரிமை, அதுவும் பல கட்டுப்பாடுகளுடன், வழங்கப்பட்டது. முதல் விடையைத் தொடர்ந்து துணைக்கேள்வி கேட்கும் உரிமை கிட்டுவதற்கு மேலும் 17 ஆண்டுகள் கடந்து 1909ஆம் ஆண்டு வர வேண்டியிருந்தது. வினாவைக் கொடுத்த வெள்ளையர் ஆட்சி, துணைக்கேள்வியைத் தர ஏன் அத்துணைக் காலம் தயங்கிற்று? முதல் வினாவுக்கு அலுவலர் எழுதித் தந்த விடையைப் படித்துவிடலாம்; துணைக்கேள்விக்கோ அமைச்சரே சிந்தித்து விடையிறுக்க வேண்டும். உண்மை வெளிப்படும் வாயில் அதுவே.

மலேசிய மக்களவையில் 222 உறுப்பினர்கள் வீற்றிருக்கின்றனர். கேள்வி நேரத்திற்கு உரியவை ஒன்றரை மணி நேர அளவினவே. ஆதலின் சில வினாக்களே வாய்மொழி விடை பெறுகின்றன; ஏனையவை எழுத்தில் விடை பெறுகின்றன. வினா எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்கும் அவையின் நிலைக்கட்டளைகள் இலக்கணம் வகுத்துள்ளன. வினாவில் வாதம் கூடாது, ஊகம் கூடாது, பழித்துரையும் ஏளனமும் கூடாது, செய்தியை அறிவதே அதன் நோக்கமாதல் வேண்டும். இவ்விதிகளைப் படிக்கும் தமிழாசிரியர், நல்ல கட்டுரைக்குத் தாம் கூறும் விதிகளையே ஈண்டும் காண்பர்.

நன்னூலார் கூறிய அறுவகை வினாக்களும் அம்மன்றத்தில் எழக் காணலாம். தோட்டப்புறச் சாலை எப்பொழுது செப்பனிடப்படும் என உண்மையாகவே அறியாது கேட்பது அறியாவினா. தம் தொகுதிக்கு மருந்தகம் வேண்டிக் கேட்பது கொளல்வினா. ஓராண்டுக்குமுன் அளித்த வாக்குறுதி நிறைவேற்றப்பட்டதா எனக் கேட்டு அலுவலரைச் செயலுக்குத் தூண்டுவது ஏவல்வினா. உண்மையைத் தாம் அறிந்திருந்தும் அமைச்சர் வாயாலேயே அஃது அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்று கேட்பது அறிவினா. ஆளுங்கட்சி உறுப்பினர் சிலர், அமைச்சர் தம் சாதனைகளை அடுக்குதற்கு வாய்ப்பளித்துக் கேட்பனவும் உள. அவற்றைக் கொடைவினா என்றால் இலக்கணப் புலவர் சினவார். இவற்றுள் எதுவும் தன்னளவில் தவறன்று. வினவுவோன் தன் பொருட்டு வினவுகின்றானா, தன்னை அனுப்பியவர் பொருட்டு வினவுகின்றானா என்பதே அறத்தின் உரைகல். தன் பெயர் நாளிதழில் வர வேண்டும் என்பதற்காகவே எழும் வினா, எத்துணைக் கூர்மையுடையதாயினும், கடன் தீர்க்காத வினாவேயாம்.

வினாவைப் போன்றே விடையையும் நன்னூலார் எட்டாக வகுத்தார். சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரிய விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் மறைமுக விடைகள். ஆடுவாயா என்று கேட்டால் பாடுவேன் என்பது இனமொழி விடை. அமைச்சர் அவையில் இவ்வகை விடை பெரிதும் பயில்கின்றது. எத்தனை வீடுகள் கட்டப்பட்டன என்று கேட்டால், எத்துணைப் பணம் ஒதுக்கப்பட்டது என்று விடை வரும். பணம் ஏன் செலவாகவில்லை என்று கேட்டால், முந்தைய ஆட்சி என்ன செய்தது என்று எதிர்வினா எழும். மறைமுக விடைகளையும் இலக்கணம் விடை என்றே ஏற்றுக்கொண்டதே என ஒருவர் வாதிடலாம். ஏற்றுக்கொண்டதன் காரணத்தையும் அவர் நோக்குதல் வேண்டும். பாடுவேன் என்ற அளவிலேயே ஆட மாட்டேன் என்பது கேட்டவனுக்கு விளங்கிவிடுகின்றது. ஆதலின் அது விடை. கேட்டவனுக்கு எதுவும் விளங்கிவிடக் கூடாது என்பதற்காகவே கூறப்படும் சொல், இலக்கணத்தின்படியும் விடையன்று, அறத்தின்படியும் விடையன்று.

விடை கூறுவோனின் அறத்திற்குத் தமிழர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மதுரை அரசவையில் கண்ணகி நின்ற காட்சியைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. கள்வனைக் கொல்வது அரசநீதியே எனப் பாண்டியன் முதலில் கூறியது பொதுவிதி. விதியில் பிழையில்லை, ஆயினும் அது கண்ணகியின் வழக்குக்கு விடையாகவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என அவள் கூறியதும், தன் அரசியின் சிலம்பில் உள்ளவை முத்து என மன்னன் மறைக்காது உரைத்தான். அச்சிலம்பைக் கொணர்ந்து அவைமுன் வைக்கப் பணித்தவனும் அவனே. உண்மை தெரிந்தபின், பொற்கொல்லன் கூறியதை நம்பினேன், ஆதலின் பிழை அவனுடையது என்று அவன் தப்ப முயலவில்லை. அவன் சொற்கேட்டுத் தீர்ப்பளித்தவன் தானே என்று பழியைத் தன்மேல் ஏற்று உயிர்நீத்தான். தனக்கு எதிரான சான்றைத் தானே வெளியிடுதலும், ஏவலர் பிழையைத் தன் பிழையாக ஏற்றலும் ஆகிய இரண்டுமே விடை கூறுவோன் செலுத்த வேண்டிய கடன்.

இக்கடன் காவியத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்கு இந்திய நாடாளுமன்ற வரலாற்றில் ஒரு சான்று உண்டு. ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாக்கப்பட்டு 1956இல் அமைந்த ஆயுள் காப்பீட்டுக் கழகம், மறு ஆண்டே ஹரிதாஸ் முந்த்ரா என்னும் வணிகரின் நிறுவனங்களில் 1 கோடியே 24 இலட்சம் ரூபாய் அளவில் முதலீடு செய்தது. அஃது எளிய மக்களின் சேமிப்புப் பணம். இதுபற்றி 1957ஆம் ஆண்டு மக்களவையில் வினா எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பெரோஸ் காந்தி சான்றுகளை அடுக்கி அவையை அதிரச் செய்தார். அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர், ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர், தலைமையமைச்சர் நேருவின் மருமகனும் ஆவார். நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை பொதுமக்கள்முன் வெளிப்படையாக நிகழ்ந்தது. அலுவலர் செயலுக்கும் அமைச்சரே பொறுப்பேற்றல் வேண்டும் என்னும் கொள்கையை அவ்வறிக்கை வலியுறுத்தியது. தமிழகத்தைச் சேர்ந்த நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். பொற்கொல்லனைக் காட்டித் தப்ப இயலாது என்ற பழைய நீதியே புதிய மன்றத்திலும் நின்றது.

இனி வினவுவோனின் கடனை நோக்குதல் முறை. மலேசிய அரசியலமைப்பின் 63ஆம் பிரிவு, நாடாளுமன்றத்தில் பேசிய பேச்சுக்காக உறுப்பினர்மீது வழக்குத் தொடர முடியாதவாறு காப்பளிக்கின்றது. இக்கவசம் இன்றேல் அதிகாரத்தை எதிர்த்து யாரும் வாய் திறவார். ஆயின் கவசம் அணிந்தவன் அம்பெய்யும்போது, கவசமில்லாதவன் மானம் புண்படவும் கூடும். பொய்ப்பழிக்கு ஆளான அமைச்சர் எவ்விடம் சென்று முறையிடுவார்? இவ்வினாவுக்குச் சட்டம் விடை தரவில்லை. ஒருவரின் துணிவு விடை தந்தது.

ஈப்போ உறுப்பினராக விளங்கிய டி. ஆர். சீனிவாசகம், அன்றைய கல்வியமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப்மீது மக்களவையில் ஊழல் குற்றச்சாட்டை எழுப்பினார். 1960ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் கல்வி அறிக்கையை ஆசிரியர் பயிற்சியில் படிக்காதார் இலர், அவ்வமைச்சரே இவர். அவைக்கு வெளியே வந்து இதனைக் கூறுக என்ற அறைகூவல் எழுந்தது. சீனிவாசகம் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பொதுக்கூட்டத்தில் அதே குற்றச்சாட்டைத் திரும்பவும் கூறினார். அமைச்சர் மானநட்ட வழக்குத் தொடுத்தார், வழக்கில் தோற்றார், 1965இல் பதவி விலகினார். தீர்ப்பு மாறியிருந்தால் சீனிவாசகம் தம் பொருளையும் பெயரையும் இழந்திருப்பார். அந்த இழப்புக்கு முன்கூட்டியே அணியமாயிருந்தார் என்பதே அவர் வினாவுக்கு எடை தந்தது. ஒவ்வோர் உறுப்பினரும் ஒவ்வொரு வினாவையும் வெளியில் வந்து கூற வேண்டும் என்பதன்று. அங்ஙனம் கூறின், கவசம் ஏற்பட்டதன் நோக்கமே கெடும். கூற நேர்ந்தால் கூறத்தக்க வினாவை மட்டுமே உள்ளே கேட்டல் வேண்டும் என்பதே கருத்து.

கவசத்திற்கும் ஓர் எல்லை இடப்பட்டது. 1971ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், குடியுரிமை, தேசியமொழி முதலிய சிலவற்றைக் குறித்து தேச நிந்தனைச் சட்டத்திற்கு மாறாகப் பேசினால் அவையினுள்ளும் காப்பில்லை. 1978இல் மார்க் கோடிங் என்னும் உறுப்பினர், தமிழ், சீனப் பள்ளிகளை மூடுதல் வேண்டும் என்ற கருத்தை மக்களவையில் வெளியிட்டார். அவ்வுரைக்காகவே அவர்மீது வழக்குத் தொடரப்பட்டு, அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. தமிழ்ப்பள்ளியில் பணிபுரிவோர்க்கு அத்தீர்ப்பு அன்று ஆறுதல் அளித்திருத்தல் இயல்பே. ஆயினும் நடுநிலையோடு நோக்கின், ஒருவரது தீய கருத்தைத் தடுக்கும் வேலி, வேறொருநாள் மற்றொருவரது நேரிய வினாவையும் தடுக்கக் கூடும். பள்ளியை மூடு என்பானுக்கு உரிய மறுமொழி, பள்ளி ஏன் வேண்டும் என்று சான்றோடு கூறுதலே. வேலி அம்மறுமொழிக்கு ஈடாகாது.

வினா அறவே எழாத காலம் எத்தகையது என்பதையும் அண்மை ஆண்டுகள் காட்டின. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மே 18ஆம் நாள் கூடிய மக்களவை மாமன்னரின் உரையோடு கலைந்தது. கேள்வி நேரம் இல்லை. 2021 ஜனவரியில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், ஜூலை 26ஆம் நாள் வரை நாடாளுமன்றம் கூடவில்லை. இந்திய நாடாளுமன்றமும் 2020 செப்டம்பர்த் தொடரில் கேள்வி நேரத்தை நீக்கி, எழுத்து விடைகளோடு அமைந்தது. நோய்க்கு அஞ்சுதல் தவறன்று. ஆயின் மருந்தும் பணமும் ஆணையும் மிகுதியாகக் கையாளப்படும் காலமே வினா மிகுதியாகத் தேவைப்படும் காலம். வீடு பற்றி எரியும்போது, தண்ணீர் எங்கே என்று கேட்பவனை வாய்மூடச் சொல்லுதல் பொருந்துமா?

இவையெல்லாம் தலைநகரத்துச் செய்திகள், செர்காமில் வாழும் தமிழனுக்கு இவற்றால் ஆவதென்ன என்று எண்ணுவோர் உளர். செர்காம் மலாக்கா மாநிலச் சட்டமன்றத்தின் 28 தொகுதிகளுள் ஒன்று. ஜாசின் நாடாளுமன்றத் தொகுதியின் ஒரு கூறும் ஆகும். ஆகவே அவ்வூர் வாக்காளர்க்கு இரண்டு நாக்குகள் உள. ஒன்று ஆயர் குரோவில் பேசும். மற்றொன்று கோலாலம்பூரில் பேசும். எந்த வினாவை எந்த நாக்கினிடம் கொடுப்பது என்பதை அறிந்திருத்தல் இன்றியமையாதது. கல்வி மத்திய அரசின் பொறுப்பு. நிலம் மாநில அரசின் பொறுப்பு. ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்த தோட்டத்தில், குடிகள் பெயர்ந்தபின் எஞ்சி நிற்கும் ஒரு தமிழ்ப்பள்ளியை எண்ணிப் பார்க்கலாம். அதன் கட்டடத்தைப்பற்றி வினவினால் நிலம் எங்களுடையதன்று என மத்திய அமைச்சர் கூறலாம். நிலத்தைப்பற்றி வினவினால் பள்ளி எங்கள் துறையன்று என மாநில ஆட்சிக்குழு கூறலாம். இரண்டும் உண்மை, இரண்டும் சேர்ந்தால் பிள்ளைகளுக்கு விடையில்லை. இரு மன்றத்திலும் ஒரே வினாவை ஒரே பருவத்தில் எழுப்பினாலன்றி இப்பந்து விளையாட்டு ஓயாது. அவ்வினாவை எழுதித் தர வேண்டியவர் உறுப்பினர் அல்லர். அதன் நோவை அறிந்த ஊரார்.

எழுதித் தர அவர்களால் இயலுமா? இவ்விடத்தில்தான் தமிழாசிரியர் கடமை தொடங்குகின்றது. பல வகுப்பறைகளில் வினா ஆசிரியருக்கே உரியது. விடை மாணவருக்கே உரியது. அறிவினா மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை, அதிகாரத்தின்முன் நிற்கும்போது தன்னிடம் கேட்கப்படுவதற்கு விடை தேடுமேயன்றி, தான் கேட்க வேண்டியதைத் தேடாது. வினா வகைகளை மனனம் செய்வித்தலோடு அமையாது, ஊரின் உண்மையான குறை ஒன்றை எடுத்து, வாதமும் வசையும் இன்றி ஒரே வாக்கியத்தில் வினாவாக எழுதப் பழக்கலாம். வந்த விடை எட்டனுள் எவ்வகை என்று வகைப்படுத்தச் சொல்லலாம். அது விடையே அன்று எனின், துணைக்கேள்வியையும் எழுதச் சொல்லலாம். அப்பயிற்சி பெற்ற பிள்ளை வளர்ந்து உறுப்பினராகலாம், அமைச்சராகலாம், வெறும் வாக்காளராகவே இருந்துவிடவும் கூடும். மூவர்க்கும் கடன் ஒன்றே: கேட்கத்தக்கதைக் கேட்டல், கூறத்தக்கதை மறையாது கூறல், கூறியதற்குத் தானே பொறுப்பாதல்.